தொட்டிச் செடிக்கு எந்த உரம்?

எங்கள் வீட்டு வாசலில், தாழ்வாரத்தின் ஓரமாக, ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு முன்பு அம்மா அதைத் தேக்காவிலிருந்து சாண் உயரக் கன்றாக வாங்கி வந்தார். இன்று அது என் தோள் உயரம் வளர்ந்து நிற்கிறது. எங்கள் வீட்டுச் சாம்பாருக்கும் ரசத்துக்கும் அதிலிருந்துதான் இலை கிள்ளுவோம். அதே மாடியில் குடியிருக்கும் மற்றவர்களும் தேவைப்படும்போது ஓர் ஈர்க்கு பறித்துக்கொள்வார்கள். அம்மா அதற்காக யாரையும் கடிந்துகொண்டதே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆண்டிறுதி மழைக்காலத்தில், அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனைக்குப் புறப்படும்போது, “சமையலை எப்படியாவது சமாளித்துக்கொள்வாய். செடியை மட்டும் மறந்துவிடாதே,” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மறக்கவில்லை. காலையிலும் மாலையிலும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். ஆனால், பத்தே நாளில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின.

செடிக்குச் சத்துப் போதவில்லை என்று நானே முடிவு செய்தேன். செடிகள் விற்கும் கடைக்குச் சென்று மூன்று புட்டிகளை வாங்கினேன். ஒன்று இலை செழிக்க, இன்னொன்று வேர் பிடிக்க, மற்றொன்று பூக்க. கறிவேப்பிலைக்குப் பூ எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மூன்றையும் ஒரே நாளில், புட்டியில் சொன்ன அளவைப் போல் இரண்டு மடங்காகக் கலந்து ஊற்றினேன். ஒரு வாரத்தில் இலை நுனிகள் நெருப்பில் காட்டியதுபோல் கருகின. கிளையைத் தொட்டால் இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அம்மா வீடு திரும்ப இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

அடுத்த வீட்டில் ஒரு மலாய் மூதாட்டி இருக்கிறார். நாங்கள் அவரை ‘மக்சிக்’ என்று அழைப்போம். அவர் செடியைப் பார்த்ததும் இலையை விட்டுவிட்டு மண்ணில் விரலை நுழைத்தார். விரலை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். பிறகு தொட்டியைச் சற்றுச் சாய்க்கச் சொன்னார். அடித்தட்டு நிறையத் தண்ணீர் தேங்கியிருந்தது. தொட்டியின் அடியில் இருந்த துளைகளைப் பழைய வேர்களும் இறுகிய மண்ணும் அடைத்திருந்தன. “இதற்குப் பசியில்லை. மூச்சுத் திணறுகிறது,” என்றார் மக்சிக்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. வேர்களுக்கும் உயிர்வளி தேவை. மண்ணில் உள்ள இடைவெளிகளை எல்லாம் நீர் நிரப்பிவிட்டால் அவற்றுக்குக் காற்றுக் கிடைக்காது. அழுகும் வேரால் சத்தை உறிஞ்ச முடியாது. இலை மஞ்சளானதற்குக் காரணம் அதுதான். சத்து மண்ணிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொள்ளத்தான் செடியால் முடியவில்லை. அந்த நிலையில் நான் மேலும் மூன்று வகைச் சத்துகளை அதன்மேல் கொட்டியிருந்தேன்.

உரம் என்பது உணவா?

உரத்தைச் ‘செடியின் உணவு’ என்று பலரும் சொல்கிறோம். சில புட்டிகளிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. என் தவற்றுக்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பசிக்கும் பிள்ளைக்குச் சோறு போடுவதைப்போல், வாடும் செடிக்கு உரம் போட வேண்டும் என்று மனம் எண்ணிவிடுகிறது.

17ஆம் நூற்றாண்டில் பிரசல்ஸ் நகரைச் சேர்ந்த வான் ஹெல்மோன்ட் என்ற அறிஞர் ஒரு சோதனை செய்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணை ஒரு பெரிய தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். பிறகு மரத்தைப் பிடுங்கி எடை போட்டார். 169 பவுண்டு இருந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்துப் பார்த்தபோது அது ஏறத்தாழ 2 அவுன்ஸ் மட்டுமே குறைந்திருந்தது. அதாவது, மரம் 70 கிலோகிராமுக்கும் மேல் கூடியிருக்க, மண் இழந்ததோ 60 கிராமுக்கும் குறைவு. அவர் இறந்த பிறகு, 1648இல் வெளிவந்த நூலில் இந்தச் சோதனை இடம்பெற்றது.

மரத்தின் எடை முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று ஹெல்மோன்ட் கருதினார். அது பாதி உண்மை. மற்றொரு பங்கு காற்றிலிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியாது. ஒளிச்சேர்க்கையைப் பற்றி நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். காற்றில் உள்ள கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு, சூரிய ஒளியின் துணையால், செடி தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. அந்தச் சமையலுக்கு உரம் உப்பைப் போன்றது. உப்பில்லாமல் குழம்பு ருசிக்காது. அதற்காக யாரும் உப்பை மட்டுமே சாப்பிடுவதில்லை.

ஆனாலும், மண் இழந்த அந்த 2 அவுன்ஸை அற்பமாக எண்ணிவிட முடியாது. செடியின் வேர் வழியாகச் செல்லவேண்டிய தனிமங்கள் மொத்தம் 14. அவற்றுள் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், கந்தகம் ஆகிய ஆறும் கூடுதலாகத் தேவை. இரும்பு, துத்தநாகம், போரான் போன்ற எட்டும் மிகச் சிறிதளவே தேவை. எது குறைந்தாலும் வளர்ச்சி தடைபடும். ஜெர்மானிய அறிஞர் ஸ்பிரெங்கல் இதை 1828இல் எடுத்துரைத்தார். அவருக்குப் பின் லீபிக் என்பவர் இதை உலகறியச் செய்தார். ஒரு மரப்பீப்பாயின் பலகைகளில் ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால், தண்ணீர் அந்தப் பலகையின் உயரம் வரைதான் நிற்கும். மற்றப் பலகைகளை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. செடிக்கு நைட்ரஜன் குறையும்போது பொட்டாசியத்தைக் கூட்டுவதும், வெயில் குறையும்போது உரத்தைக் கூட்டுவதும் அப்படிப்பட்ட வேலைகளே.

முதலில் எதைப் பார்ப்பது?

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளில் வளரும் செடிகளுக்குப் பெரும்பாலும் குட்டையாக இருக்கும் பலகை வெளிச்சம்தான். 2020இல் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவச விதைப் பொட்டலங்களை அனுப்பியபோது, எங்கள் புளோக்கில் பலர் ஆர்வத்தோடு விதைத்தார்கள். விதைகள் நன்றாகவே முளைத்தன. ஆனால், பல வீடுகளில் நாற்றுகள் வெளுத்துப்போய், நூல்போல் நீண்டு, சாய்ந்து விழுந்தன. வெளிச்சத்தைத் தேடி அவை அப்படி நீளுகின்றன. அதற்கு எந்தக் கடையிலும் உரம் கிடையாது. கீரை வகைகளுக்கே நாள்தோறும் குறைந்தது நான்கு மணி நேர நேரடி வெயில் வேண்டும். மிளகாயும் கத்தரியும் அதற்கும் அதிகமாகக் கேட்கும். வெயில் நேரத்தில் உங்கள் கையைத் தொட்டியின்மேல் நீட்டிப் பாருங்கள். நிழல் கூர்மையாக விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாகக் கலைந்து தெரிந்தால், அங்கே பண்டான் போன்ற நிழல் தாங்கும் செடியை வைப்பது நல்லது.

அடுத்து, விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. புளித்த வாடை வந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா, அது அடைபட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அடித்தட்டில் நீர் தேங்கினால் செடிக்கு மட்டுமன்றி நமக்கும் கேடு. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே போதும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் செடி வாடினால், அப்போது இலையைப் படிக்கலாம். படிப்பது என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால், எந்த இலை முதலில் நிறம் மாறுகிறது என்பதில் செய்தி இருக்கிறது. நைட்ரஜன் குறைந்தால் அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முழுவதும் மஞ்சளாகும். வீட்டில் இருப்பது குறைவானால் தாய் தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாள். அதைப்போலவே செடியும் முதிர்ந்த இலையில் இருக்கும் நைட்ரஜனை எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடுகிறது. மக்னீசியமும் அப்படித்தான் இடம்பெயரும். ஆனால், அது குறைந்தால் நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளுக்கும். பொட்டாசியம் குறைந்தால் முதிர்ந்த இலையின் ஓரங்கள் காய்ந்துபோகும்.

இரும்பு வேறு வகை. அது ஓர் இலையில் தங்கிவிட்டால் எளிதில் நகராது. ஆகவே இரும்பு குறையும்போது முதிர்ந்த இலை பச்சையாக இருக்கும். புதிய தளிர்தான் நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிய வெளுத்துப் பிறக்கும். தொட்டிக் கறிவேப்பிலையில் இதை அடிக்கடி காணலாம். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. மண்ணில் இரும்பே இல்லாமல் போவது அரிது. மண்ணின் காரத்தன்மை கூடும்போது இரும்பு கரையாமல் முடங்கிக்கொள்கிறது. கையில் சாவி இல்லாத பெட்டிக்குள் பணம் இருப்பதைப் போன்றது அது.

மூன்று எண்கள்

இப்போது கடைக்குப் போகலாம். உரப் பொட்டலத்தின் முன்பக்கத்தில் இருக்கும் பூவையும் பழத்தையும் பார்க்காதீர்கள். பெரும்பாலும் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில், கோடுகளால் பிரிக்கப்பட்ட மூன்று எண்கள் இருக்கும். 15-15-15 என்றோ, 12-12-17 என்றோ, 5-1-1 என்றோ அவை அமையலாம். முதல் எண் நைட்ரஜன், இரண்டாவது பாஸ்பரஸ், மூன்றாவது பொட்டாசியம். எப்போதும் இதே வரிசைதான். தமிழில் இவற்றுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று பெயர்கள் உண்டு. பெயரிலேயே வேலையும் ஓரளவு தெரிந்துவிடுகிறது. தழைச்சத்து இலைக்கு. மணிச்சத்து வேருக்கும் விதைக்கும். விறகுச் சாம்பலில் நிறைந்திருக்கும் சாம்பல்சத்து, பூவுக்கும் காய்க்கும் செடியின் உறுதிக்கும்.

எண்கள் விழுக்காட்டைக் காட்டுகின்றன. 15-15-15 என்ற உரத்தில் 500 கிராம் வாங்கினால், அதில் நைட்ரஜன் 75 கிராம். 2-1-2 என்று எழுதிய அரை லிட்டர் புட்டியில் இருப்பதோ ஏறக்குறைய 10 கிராம். மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். புட்டி அழகாக இருக்கலாம். விலையும் கூடுதலாக இருக்கலாம். அந்த விலையில் எவ்வளவு தண்ணீருக்குப் போகிறது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அதற்காகத் திரவ உரம் கூடாது என்று நான் சொல்லவில்லை. அளந்து கலப்பது எளிது, வேருக்கு விரைவில் போய்ச் சேரும். தண்ணீரில் கரையும் தூள் உரமும் அதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும்.

எந்த விகிதம் வாங்குவது என்பது என்ன வளர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கங்கோங், முளைக்கீரை, கறிவேப்பிலை ஆகியவற்றில் நாம் உண்பது இலையை. ஆகவே முதல் எண் மற்ற இரண்டுக்கும் குறையாமல் இருந்தால் போதும். மிளகாய்ச் செடிக்கும் இளமையில் அப்படியே. மொட்டு வைக்கும்போது மூன்றாவது எண் கூடுதலாக உள்ள உரத்துக்கு மாறலாம். மிளகாய்க்குத் தழைச்சத்தையே தொடர்ந்து ஊட்டினால் செடி புதர்போல் தழைக்கும். பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். காய் மட்டும் இருக்காது.

‘பூக்கும் உரம்’ என்ற பெயரில் நடு எண் மிக அதிகமாக உள்ளவை விற்கப்படுகின்றன. நான் வாங்கிய மூன்றாவது புட்டி அந்த வகை. கடையில் வாங்கும் தொட்டி மண்ணில் சாதாரணமாகவே போதிய பாஸ்பரஸ் இருக்கும். அளவு மிஞ்சினால் இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுத்துக்கொள்ள அது தடையாகிறது. அதாவது, பூவுக்கென்று வாங்கும் உரம் தளிரை வெளுக்கவைக்கலாம்.

சிறு முத்துகளைப்போல் இருக்கும் மெதுவாகக் கரையும் உரம் மாணவர்களுக்கு ஏற்றது. மண்ணின்மேல் தூவிவிட்டால், பூச்சின் வழியே சத்து சிறிது சிறிதாகக் கசியும். பொட்டலத்தில் ‘மூன்று மாதம்’ அல்லது ‘ஆறு மாதம்’ என்று போட்டிருக்கும். அந்தக் கணக்கு பெரும்பாலும் 21 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை ஒட்டியது. நம் ஊரில் பகலில் 31, 32 டிகிரி சாதாரணம். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். ஆகவே அந்த முத்துகள் சொன்ன காலத்துக்கு முன்பே தீர்ந்துபோகும். ‘ஆறு மாதம் என்று போட்டிருக்கிறதே’ என்று காத்திருந்தால் செடி பட்டினி கிடக்கும்.

இயற்கை உரமா, செயற்கை உரமா என்ற விவாதம் எங்கும் உண்டு. வேருக்கு அந்த வேறுபாடு தெரியாது. கோழி எருவிலிருந்து வந்தாலும், ஆலையிலிருந்து வந்தாலும், வேர் எடுத்துக்கொள்ளும் நைட்ரேட் ஒன்றேதான். வேறுபாடு வேகத்திலும் மண்ணிலும் இருக்கிறது. எருவையும் வேப்பம் புண்ணாக்கையும் முதலில் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனால், அவை மண்ணைப் பொலபொலப்பாக்கும், நுண்ணுயிர்களை வாழவைக்கும். ஆலை உரம் விரைவாகச் சத்தைத் தரும், மண்ணைப் பண்படுத்தாது. நான் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன். மண் கலக்கும்போது எருவும் புண்ணாக்கும். பிறகு மாதம் ஒருமுறை சிறிது கரையும் உரம்.

சமையலறையிலிருந்து வருபவை

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. மோரில் புரதம் உண்டு. அது சிதையும்போது சிறிது நைட்ரஜன் கிடைக்கும். கால்சியமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மோரின் புளிப்பு அமிலத்தன்மை உடையது. முடங்கிக் கிடக்கும் இரும்பைக் கரைக்க அது சிறிதளவு உதவக்கூடும். ஆனால், அது கொல்லையில் வளரும் மரத்துக்காகத் தோன்றிய வழக்கம். தாழ்வாரத்தில் உள்ள சிறு தொட்டியில் கெட்டி மோரை ஊற்றினால் நாற்றம் எழும், எறும்பும் ஈயும் வரும், அக்கம்பக்கத்தார் முகம் மாறும். நீர்க்கக் கரைத்து, எப்போதாவது ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அரிசி களைந்த நீரில் சத்து மிகக் குறைவு. கெடுதல் இல்லை, தண்ணீரும் மிச்சமாகும். முட்டை ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். துண்டுகளாக உடைத்துப் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நன்கு பொடித்தால்தான் ஓரளவு பயன் தரும். காப்பித்தூள் சக்கையை மண்ணின்மேல் கனமாகப் பரப்பினால் அது காய்ந்து பொருக்காகித் தண்ணீரை உள்ளே விடாது. மட்கவைத்துப் போடுவதே முறை.

தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் கால்சியம் குறைவு என்பார்கள். அது உண்மைதான். உடனே முட்டை ஓட்டைத் தேடி ஓடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கால்சியம் நீரோடு சேர்ந்துதான் செடிக்குள் பயணம் செய்யும். ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று தண்ணீர் ஊற்றினால், மண்ணில் கால்சியம் இருந்தும் காய்க்குப் போய்ச் சேராது. நாள்தோறும் ஒரே சீராகத் தண்ணீர் விடுவதே முதல் மருந்து. சிலர் எப்சம் உப்பைப் போடுகிறார்கள். அதில் இருப்பது மக்னீசியம். அது கால்சியத்துடன் போட்டியிடும். நோய் இன்னும் மோசமாகலாம்.

கூடுதல் சேர்மானங்கள்

உரம் அல்லாத பல பொருள்களும் கடையில் இருக்கும். அவற்றுள் சில உண்மையிலேயே தேவையானவை. தேங்காய் நார்த்தூள் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பெர்லைட் எனப்படும் வெண்ணிறப் பொரிகள் மண்ணில் காற்றுக்கு இடம் தரும். இரண்டிலும் சத்து இல்லை என்றே சொல்லலாம். நார்த்தூளில் உப்பு இருக்கலாம். அதனால் பயன்படுத்துமுன் நன்றாக அலசிவிடுங்கள். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும் தன்மையுடையது. நார்த்தூளில் மட்டுமே வளர்ப்பவர்கள் அவ்விரண்டும் கலந்த உரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடற்பாசிச் சாற்றில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகக் குறைவு. வளர்ச்சியைத் தூண்டும் சில பொருள்கள் அதில் உள்ளன. ஆனால், அது உரத்துக்கு மாற்று ஆகாது. வேர் பிடிக்க உதவும் என்று விற்கப்படும் வைட்டமின் பி1 கரைசலின் கதை சுவையானது. முன்பு அறிவியலாளர்கள் வெட்டியெடுத்த வேர்த்துண்டுகளைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தபோது, அவற்றுக்கு அந்த வைட்டமின் தேவைப்பட்டது. ஆனால், இலையோடு இருக்கும் முழுச் செடி அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. நான் வாங்கிய இரண்டாவது புட்டி அதுதான்.

எவ்வளவு போடுவது?

மாங்காய் ஊறுகாய் போடும்போது, நறுக்கிய துண்டுகளில் உப்பைப் பிசிறி ஓர் இரவு வைப்பார்கள். காலையில் பார்த்தால் சாடியில் நீர் ததும்பும். உப்பு, துண்டுகளுக்குள் இருந்த நீரை வெளியே இழுத்துவிட்டது. உரமும் ஒரு வகை உப்புதான். மண்ணில் அது மிகுந்தால், வேர் நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக நீரை இழக்கத் தொடங்கும். ஈரமான மண்ணில் நின்றபடியே செடி தாகத்தால் வாடும். இலை நுனி கருகுவது அதன் அடையாளம். தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெண்ணிறப் படலம் படிவது இன்னோர் அடையாளம். அப்படி நேர்ந்தால், துளைகள் திறந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நீரை மெல்ல ஊற்றி உப்பை வெளியேற்ற வேண்டும்.

சிறு தொட்டிக்குப் பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி போதும் என்பது என் அனுபவம். காய்ந்த மண்ணில் உரக்கரைசலை ஊற்றாதீர்கள். முதலில் வெறும் தண்ணீர், பிறகு உரம். புதிதாக மாற்றி நட்ட செடிக்கும், நோயுற்ற செடிக்கும் உரமே வேண்டாம். சத்து போதவில்லை என்றால் இன்னும் சிறிது கொடுக்கலாம். கொடுத்ததைத் திரும்ப எடுப்பதுதான் கடினம்.

மிஞ்சிய உரம் தொட்டியோடு நின்றுவிடுவதும் இல்லை. வழிந்தோடும் நீர் மழைநீர் வடிகாலில் கலக்கலாம். அங்கிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து நீர்த்தேக்கம். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. நகரின் நடுவே உள்ள மரினா நீர்த்தேக்கத்துக்கும் இப்படித்தான் நீர் வந்து சேர்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் அங்கே பாசியை வளர்க்கும். அந்த நீரைத்தான் சுத்திகரித்து நாம் குடிக்கிறோம்.

எங்கள் கறிவேப்பிலைச் செடிக்கு வருவோம். மக்சிக்கும் நானும் அதைத் தொட்டியிலிருந்து உருவி எடுத்தோம். கறுத்து அழுகிய வேர்களை அவர் கத்தரிக்கோலால் வெட்டினார். மீதி வேர்களை வாளித் தண்ணீரில் அலசினோம். புதிய மண்ணோடு நார்த்தூளும் பெர்லைட்டும் கலந்து, துளைகளைப் பெரிதாக்கிய தொட்டியில் மீண்டும் நட்டோம். குறைந்துபோன வேருக்கு ஏற்றவாறு கிளைகளையும் பாதியாகக் குறைத்தோம். பிறகு நிழலான இடத்துக்கு நகர்த்தினோம். உரம் ஒரு துளியும் போடவில்லை.

அம்மா ஊன்றுகோலுடன் மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தபோது, தொட்டியில் நின்றவை நான்கு மொட்டைக் குச்சிகள். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. குச்சி ஒன்றை நகத்தால் இலேசாகக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை தெரிந்தது. “உயிர் இருக்கிறது,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் சென்றார். ஆறு வாரம் சாம்பாருக்குக் கறிவேப்பிலையைச் சந்தையில் வாங்கினோம். ஏழாவது வாரம், குச்சியின் கணுவில் அரிசி மணி அளவில் ஒரு முளை தென்பட்டது. முதலில் பார்த்தவர் மக்சிக்.

மூன்று புட்டிகளில் இலைக்கான உரத்தை மட்டும் பிறகு பயன்படுத்தினேன், பாதி அளவில், மாதம் ஒருமுறை. உரம் போட்ட தேதியைத் தொட்டியின் பக்கத்தில் பென்சிலால் குறித்துவைக்கிறேன். மற்ற இரண்டும் காலணி அடுக்கின் அடியில் தூசி படிந்து கிடக்கின்றன. அம்மா இன்றும் மோர் ஊற்றுகிறார். இரண்டு கரண்டி மோருக்கு ஒரு பெரிய குவளைத் தண்ணீர். அதற்கு முன்பு விரலை மண்ணில் நுழைத்துப் பார்க்கிறார்.